ஆற்காடு சாலையின் பாகப்பிரிவினை

(வளசரவாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மாலை ஆறரை மணிக்கு ஆற்காடு சாலையைக் கடந்து இந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நான் பேசுவதற்கு முன்பே உங்களுக்குத்தான் கைதட்ட வேண்டும்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய், மூன்று வழித்தடங்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை. நம் சாலையின் ஒரு பகுதியில் பாலமே இரண்டு அடுக்கு. ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம். மெட்ரோ வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்தத் தூண்களுக்குக் கீழே இருக்கிற தரையைப் பற்றி. தடுப்புத் தகரங்களை எடுத்ததும் ஒப்பந்தக்காரர் சாலையைப் பழையபடி போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் 'பழையபடி' என்பதுதான் என் கவலை. ஒரு பெரிய சாலையை முழுக்கத் தோண்டித் திரும்பப் போடும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். யாருக்கு எத்தனை அடி என்று அப்போதே பாகம் பிரித்துவிட வேண்டும்.

பொதுப் போக்குவரத்து என்றால் என்ன என்று சென்னைக்கு யாரும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1895ல் இங்கே மின்சார டிராம் ஓடியது. 1931ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1972ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டிராமை 1953ல் நிறுத்திவிட்டோம். அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இரவு ஒன்பதாகிவிடும், விடுங்கள். 2008ல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், இந்த நகரத்தின் பயணங்களில் கால் பங்குக்கு மேல் நடை, ஏறக்குறைய கால் பங்கு பஸ் என்று தெரிந்தது. கார் அதில் மிகச் சின்னப் பங்கு, சைக்கிளுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் சாலையைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டும். போய்த் திரும்ப 2 மணி நேரம் ஆகுமென்றால் 12 பஸ் போதும். நெரிசலில் அதே தூரத்துக்கு 3 மணி நேரம் ஆனால் 18 பஸ் வேண்டும். கூடுதலாக ஆறு பஸ், ஆறு ஓட்டுநர், ஆறு நடத்துநர், அத்தனை டீசல். இவ்வளவும் போட்டும் நிறுத்தத்தில் நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. 12 பஸ்தான் இருக்கிறது என்றால் பத்து நிமிடத்துக்கு வர வேண்டியது கால் மணி நேரத்துக்கு ஒன்றாகிவிடும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் பஸ். அதில் எத்தனை இப்படி நெரிசலுக்கே தீனியாகிறது என்று யோசித்துப் பாருங்கள். பஸ்ஸுக்குத் தனி வழி விட்டால் புது பஸ் வாங்காமலே பஸ் பெருகும் என்று சொல்வது இதனால்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எத்தனையோ பேருக்கு மாதச் செலவு மிச்சம். நல்ல திட்டம், நானே பலமுறை பாராட்டிப் பேசியிருக்கிறேன். ஆனால் டிக்கெட் காசு மிச்சமான அந்தப் பெண், ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வருகிறார். அந்த நேரத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

அடுத்து, நிறுத்தம். நம் ஊர் நிறுத்தத்தில் நடப்பதைப் பாருங்கள். நிழற்குடைக்குள் ஒரு பூக்கடை, இரண்டு ஸ்கூட்டர். அதற்கு முன்னால் ஷேர் ஆட்டோக்கள். ஆகவே ஜனங்கள் இறங்கிச் சாலையில் நிற்கிறார்கள். அவர்கள் சாலையில் நிற்பதால் பஸ் இன்னும் தள்ளி, நடுவில் நிற்கிறது. நடத்துநர் விசில் ஊதுவதற்குள் ஒரு பாட்டி படியில் கால் வைக்க வேண்டும். இடது பக்கம் ஒரு பைக் புகுந்து வரும். 2024ல் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. தரை 400 மில்லிமீட்டர் உயரம்தான், சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிப் பெற்ற பஸ் அது. நடைபாதை ஓரத்தை ஒட்டி நின்றால்தான் அந்தச் சாய்தளத்தால் பயன். ஆறடி தள்ளி நடுச்சாலையில் நின்றால் சக்கர நாற்காலியை எங்கே இறக்குவது?

இதற்குச் சுலபமான மருந்து இருக்கிறது. நிறுத்தம் இருக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையைச் சாலைக்குள் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். பஸ் நேர்கோட்டில் வந்து, அதை ஒட்டி நின்று, நேராகப் போய்விடும். நம் பொறியாளர்கள் பலருக்கு இது பிடிக்காது. அவர்கள் எதிர்மாறாகச் செய்வார்கள்: நடைபாதையை உள்ளே வெட்டி 'பஸ் பே' கட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் ஆட்டோவும் வேனும் நிறுத்தியிருக்கும். தப்பித்தவறி பஸ் உள்ளே போய்விட்டால் வெளியே வர யாரும் வழி விட மாட்டார்கள். எந்த ஓட்டுநரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மெட்ரோ நிலையத்துக்கும் பஸ்ஸுக்கும் உள்ள உறவு இன்னொரு கதை. சென்னைக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம், கும்டா, வேண்டும் என்று 2010லேயே சட்டம் போட்டாயிற்று. குழுமத்தின் முதல் கூட்டம் 2022ல்! அதன் பிறகு வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட் ஒன்றாகிவிட்டது, நிறுத்தங்கள் இன்னும் ஒன்றாகவில்லை. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பெரிய பஸ் முனையம் திறந்தோம். ரயில் பாதை ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டும் தூரம். ஆனால் ரயில் நிலையமும் அங்கே போக நடைமேம்பாலமும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று. பெட்டியும் குழந்தையுமாக வந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். நம் சாலை வழியாகப் போகும் பூந்தமல்லி–வடபழனி மெட்ரோ தடத்திலும் அதே கூத்து நடக்க வேண்டுமா?

இப்போது சைக்கிள். சிலர் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. சைக்கிளை இந்த அளவு கொண்டாடிய மாநிலம் இந்தியாவில் வேறு இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். ஆனால் உங்கள் பெண்ணை அந்த சைக்கிளில் ஆற்காடு சாலையில் அனுப்புவீர்களா? நான் அனுப்ப மாட்டேன். சைக்கிள் வாங்க அரசிடம் பணம் இருக்கிறது, அதை ஓட்ட இரண்டு மீட்டர் இடம் இல்லை. மாநகராட்சி 2014ல் ஒரு கொள்கை வகுத்தது: போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டுமென்று. படிக்க அருமையாக இருக்கும்.

வெயிலில் யார் ஓட்டுவது என்று அடுத்த கேள்வி வரும். ஸ்பெயினில் செவில் என்று ஒரு நகரம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். 2006–07ல் அங்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை ஒரே மூச்சில் போட்டார்கள். வெள்ளைக் கோடு கிழித்து சைக்கிள் படம் வரைகிற வேலை இல்லை. நடுவில் தடுப்புக்கல் வைத்து, ஒன்றோடொன்று இணைந்த பாதை. அதற்காகக் கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் சில வருடங்களிலேயே சைக்கிள் பயணம் பல மடங்கு ஏறியது. நாம் செய்வது அரை கிலோமீட்டர் இங்கே, முக்கால் கிலோமீட்டர் அங்கே. பிறகு யாரும் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தூண் நடுவில் வந்துவிட்ட பிறகு ஆற்காடு சாலையின் எல்லா இடத்திலும் எல்லாவற்றுக்கும் அகலம் பத்தாது. பத்தாத இடத்தில் என் வரிசை இதுதான்: முதலில் நடைபாதை, தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதுதான் நம் நாட்டுத் தர விதி. அடுத்து பஸ். சைக்கிளை இணையாகப் போகிற உள் தெருக்கள் வழியாக விடலாம். அங்கே வண்டிகளின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தினால் தனிப் பாதைகூடத் தேவையில்லை. நிலையத்தில் மட்டும் நிழலோடு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிலாளர்கள் இதைத்தானே காலங்காலமாகச் செய்கிறார்கள்? சைக்கிளைப் போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறிவிடுவார்கள். அவர்கள் யாரும் இதற்காகக் கருத்தரங்கு நடத்தியதில்லை. கார் நிறுத்துவது கடைசி. மீதி இடம் இருந்தால், அதுவும் காசு கொடுத்து.

உங்களில் சிலர் பகுதி சபைக் கூட்டத்துக்கு, அதாவது மாநகராட்சி வார்டில் மக்கள் குறை சொல்லும் கூட்டத்துக்கு, போகிறவர்கள். அடுத்த முறை போகும்போது சாலையைத் திரும்பப் போடும் வரைபடத்தைக் கேளுங்கள். மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது நடைபாதையின் மேலேயே இறங்கி, நடைபாதை முழுவதையும் விழுங்கிவிடும். நடக்கிறவர் சுற்றிக்கொண்டு சாலையில்தான் போக வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு எதையும் நகர்த்த முடியாது. அந்தப் படிக்கட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எத்தனை அடி என்று அளந்து, எழுத்தில் வாங்குங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பின்வரிசையில் கடைக்காரர்கள் சிலர் கோபமாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. பார்க்கிங் போனால் வியாபாரம் என்னாவது என்றுதானே? பாண்டி பஜாரில் 2019ல் நடைபாதையை அகலப்படுத்தியபோதும் இதே கேள்வி எழுந்தது. முதல் கேள்வி அங்கிருந்தே வரட்டும், மைக்கைப் பின்னால் கொடுங்கள்.