மிச்சம் பிறக்கிற இடம் அடுக்களை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாச்சி, மதினி அவர்களே, பந்தலை நிறைத்து உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“குடும்பத்தில் பணம் மிச்சமாவது பார்த்து வாங்கும் கடைத்தெருவிலா, பார்த்துச் சமைக்கும் அடுக்களையிலா” என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி கடைத்தெருவுக்காக நன்றாகவே வாதாடினார். விடியக்காலம் மகாராஜநகர் உழவர் சந்தைக்குப் போங்கள், மொத்தமாக வேண்டுமென்றால் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போங்கள், புளியையும் மிளகாய் வத்தலையும் வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கிப் போடுங்கள், காசு தானாக மிஞ்சும் என்றார். உழவர் சந்தையை நானும் மதிக்கிறேன். 1999-இல் தொடங்கிய அருமையான திட்டம் அது. விளைவித்தவர் கைக்கே காசு போகிறது. அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

ஆனால் விலை என்பது எல்லோருக்கும் ஒன்றுதானே ஐயா? ரேஷன் கடையையே எடுத்துக்கொள்வோம். 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே அந்தப் பருப்பை மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துத்தான் வாங்க முடியும். ஒரே தெரு, ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி கார்டு. இருந்தும் ஒரு வீட்டில் மாசக் கடைசியில் சீட்டுக்குக் கட்டப் பணம் இருக்கிறது, அடுத்த வீட்டில் கைமாத்து கேட்டு ஆள் போகிறது. ரெண்டு வீட்டுக்கும் கடை ஒன்றுதான், வேறாக இருப்பது அடுக்களை. ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் கழுவி ஊறப்போட்டு, நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு ஆட்டினால் இட்லி பூவாக வரும். அந்த அரிசியை வாங்காமலே விட்டுவிட்டு, பாக்கெட் மாவுக்குத் தினமும் காசு கொடுக்கிற வீடுகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பார்க்கவே எனக்கு வயிறு எரிகிறது.

மொத்தமாக வாங்குவதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. பக்கத்துக் கடையில் கிலோ 30 ரூபாய் விற்கும் தக்காளி, மார்க்கெட்டில் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோ வாங்குகிறோம், 100 ரூபாய். மூன்று கிலோ குழம்புக்குப் போகிறது, ரெண்டு கிலோ அழுகிப் போகிறது. அப்படியானால் நாம் சாப்பிட்ட தக்காளி கிலோ 33 ரூபாய்க்கு மேல். போய்வந்த பஸ் காசை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மலிவாக வாங்கியதை மலிவாகவே சாப்பிட்டு முடிப்பது அடுக்களையின் கையில்தான் இருக்கிறது.

நம் நெல்லைச் சீமைப் பெண்களுக்கு இதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டாஞ்சோறு எதற்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரெண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், பாதி வாழைக்காய், ஒரு கை அவரைக்காய். தனித்தனியாக வைத்தால் எதுவும் ஒரு பொரியலுக்குக் காணாது. பருப்பையும் அரிசியையும் வேகவிட்டு, காயை எல்லாம் அதிலேயே போட்டு, கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையையும் சேர்த்து, புளி கரைத்து ஊற்றி, தேங்காய், சீரகம், பூண்டு, மிளகாய் வத்தல் அரைத்துவிட்டு இறக்கினால், வீடு முழுக்க மணக்கும். ஒரே பானை, ஒரே அடுப்பு. குழம்பு தனியாக வேண்டாம், கூட்டு தனியாக வேண்டாம், தொட்டுக்கொள்ள ரெண்டு கூழ் வத்தல் பொரித்தால் போதும். காய்க்கூடையின் அடியில் கிடந்து வாடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. விருந்தாளிக்கும் கௌரவமாகப் பரிமாறலாம். இதை ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் சுண்டக்கறி வைக்கிறோமே, அதுவும் இந்த வழிதான். முதல் நாள் குழம்பு, கூட்டு, அவியல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டவைத்து, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் அந்த ருசிக்கு ஈடு கிடையாது.

மாசக் கடைசியில் காய் வாங்கக் காசில்லையா? தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தையும் அரிசியையும் பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவலோடு பொங்கி உளுந்தஞ்சோறு ஆக்குகிறோம், எள்ளுத் துவையல் அரைக்கிறோம். காயே இல்லாத சாப்பாடு, ஆனால் சத்தில் ஒரு குறையும் இல்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்லதாக என்ன கொடுத்துவிட முடியும்? வாரக் கடைசியில் கடையிலிருந்து புரோட்டா பார்சல் வாங்கும் காசுக்கு, நாலைந்து பேர் இருக்கும் வீடு பல வேளை உளுந்தஞ்சோறு சாப்பிடலாம்.

அண்ணாச்சி சொன்ன வருஷச் சாமானுக்கு வருகிறேன். மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்குவது லாபம், சரி. ஆனால் வருஷத்துக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று கடைக்காரருக்கா தெரியும்? கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால்தான் அடுத்த மாசி வரை கிடக்கும். பருப்பை வெயில் காட்டாமல் வைத்தால் வண்டு விழுந்துவிடும். வெண்டைக்காய், கொத்தவரங்காய் கொட்டிக் கிடக்கும் நாளில் மோரில் ஊறவைத்து வத்தல் போட்டால்தான் அந்த மலிவு நமக்கு ஆறு மாசம் கழித்தும் உதவும். அண்ணாச்சி எடுத்துக்காட்டிய லாபமெல்லாம் கடைசியில் என் அணிக்குத்தான் வருகிறது ஐயா. கேஸும் அப்படித்தான். கடலையை ராத்திரியே ஊறப்போடுவது, மூடிவைத்து வேகவைப்பது, குக்கர் சத்தம் வந்ததும் தீயைக் குறைப்பது, இதெல்லாம் சேர்ந்தால் 14.2 கிலோ சிலிண்டர் இன்னும் பல நாள் வரும்.

எதிரணி மதினி ஒரு கேள்வி கேட்டார்கள். அடுக்களையில் மிச்சம் பிடிப்பது என்றால் அது பெண்ணின் முதுகு ஒடிகிற மிச்சம்தானே, அந்த உழைப்புக்குக் கூலி யார் போட்டது என்று. இந்த மேடையில் இதுவரை கேட்டதில் இதுதான் பெரிய கேள்வி. மதினி சொல்வது உண்மை. வேலைக்கும் போய்விட்டு வந்து, மாவும் ஆட்டி, வத்தலும் போட்டு, ஒருத்தி மட்டும் நிற்கிற வீட்டில் அது அநியாயம்தான். அதற்கு வழி ஓட்டலுக்குப் போவதல்ல, வீட்டிலுள்ள மற்றவர்கள் உள்ளே வருவது. தை மாதம் சிறுகிழங்கு வாங்குகிறோம். சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் பாதித் தோல் போகும், மீதியைக் கத்தியால் சுரண்ட வேண்டும். ஒருத்தி உட்கார்ந்தால் ஒரு பகல் போய்விடும். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தால் பேசிக்கொண்டே முடிந்துவிடும். ஆம்பிளைப் பிள்ளைக்குச் சோறு வடிக்கவும் கீரை ஆயவும் கற்றுக்கொடுங்கள். வீட்டுக் கணக்கு எழுதும்போது சமைத்தவரின் நேரத்தையும் ஒரு செலவாக எழுதுங்கள். இதற்காக எந்த மேடையிலும் மதினியோடு சேர்ந்து நின்று பேச நான் தயார். அந்த உழைப்பில் பிறந்த மிச்சத்தைக் கடைத்தெருவின் பெயரில் எழுதிக் கொடுக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன் ஐயா.

வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி, வணக்கம்.