கத்தாமா விசாவும் ஜெனீவா ஒப்பந்தமும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மும்பை செம்பூரில் எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் ராத்திரி நின்றால் மாகுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீ தெரியும். காற்று திரும்பினால் வாடையும் வந்துவிடும். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த முப்பது வருஷமும் அந்தத் தீயைப் பார்த்தபடிதான் விடைத்தாள் திருத்தினேன். மகளிர் தினத்தையொட்டிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, எண்ணெயையும் பெண்களையும் சேர்த்துப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாட்டுங்காவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சப்பாத்தி போட்டுக்கொடுத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். 2017ல் ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் உறைக்குள் நாலு தாளோடு வந்தார். குவைத்தில் அரபி வீட்டில் வேலை என்று ஏஜெண்டு கொடுத்த ஒப்பந்தம். ஒரு பாதி அரபி, மறுபாதி ஆங்கிலம். "டீச்சர், இதுல என் போட்டோவைத் தவிர ஒண்ணும் எனக்குப் புரியல" என்றார்.

வரிவரியாகப் படித்துச் சொன்னேன். ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளம் 100 தினார், தாளில் 60. வாரவிடுப்பு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. விசிட் விசாவில் போய் இறங்கு, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று வேறு சொல்லியிருந்தான். அவனுக்கு முன்பணமாகக் கொடுத்த பதினைந்தாயிரமும் வட்டிக்கு வாங்கியது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "அங்க சட்டம்னு ஒண்ணு கிடையாதா டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1973 அக்டோபரில் அரபு இஸ்ரேல் போர் வந்தது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்கு ஏறிவிட்டது. வளைகுடாவில் பணம் கொட்டியது. நம் ஆண்கள் டோங்கிரி, பிண்டி பஜார் லாட்ஜுகளில் பாயை விரித்துப் படுத்து விசாவுக்குக் காத்திருந்த காலம் அது. வளைகுடாவுக்கும் இந்த ஊருக்கும் பழக்கம் புதிதல்ல. 1959ல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டிருக்கிறது. 1974 பிப்ரவரியில் மும்பைக்கு மேற்கே 160 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை துளையிட்ட இடத்தில் நமக்கும் எண்ணெய் கிடைத்தது. அதுதான் பாம்பே ஹை. இதே சமயத்தில்தான், 1975 ஜூனில், மெக்சிகோ நகரத்தில் ஐ.நா. தன் முதல் உலக மகளிர் மாநாட்டைக் கூட்டியது. அதைத் தொடர்ந்து 1979ல், பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் ஒழிக்க வேண்டும் என்னும் சீடா உடன்படிக்கை வந்தது.

ஆக, எண்ணெய்ப் பணமும் பெண்ணுரிமைப் பேச்சும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. நாடு பணக்கார நாடானால் பெண்ணின் நிலையும் தானாக உயரும் என்று அன்று பலர் நம்பினார்கள். வகுப்பில் நானும் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தவறு.

மைக்கேல் ராஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 2008ல் எழுதிய ஆய்வு இதை வேறு கோணத்தில் பார்க்க வைத்தது. மத்தியக் கிழக்கில் பெண்கள் வேலைக்கு வராததற்கு மதத்தையே எல்லாரும் காரணம் சொல்கிறோம். எண்ணெயைப் பாருங்கள் என்றார் அவர். திருப்பூரை நினைத்துக்கொண்டால் சட்டென்று விளங்கிவிடும். பனியன் கம்பெனி வந்ததால்தானே எத்தனையோ பெண்கள் முதல்முறையாகச் சம்பளக் கவரைத் தங்கள் கையில் வாங்கினார்கள்? இப்போது திருப்பூர் ஓர் எண்ணெய் நாட்டுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் டாலர் குவியக் குவிய அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறும். அங்கே தைக்கிற பனியன் வெளிநாட்டுக்காரனுக்கு விலை கூடிப் போகும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், ஆலை மூடும். எண்ணெய்க் கிணற்றில் வேலை ஆண்களுக்கு. அரசாங்கம் மானியமாகவும் சம்பளமாகவும் கொடுப்பது குடும்பத் தலைவனுக்கு. வீட்டில் இன்னொரு சம்பளம் தேவைப்படாது. பெண் வேலைக்குப் போகவில்லை என்றால் சங்கமில்லை, கூட்டமில்லை, கூடி நின்று கேட்கும் பழக்கமும் இல்லை. எண்ணெய் உள்ள அல்ஜீரியாவையும், பெரிய அளவில் எண்ணெய் இல்லாமல் துணி தைத்து ஏற்றுமதி செய்த மொராக்கோ, துனிசியாவையும் ராஸ் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூன்றும் அக்கம்பக்கத்து நாடுகள், மொழியும் மதமும் ஒன்று.

அதற்காக எண்ணெய் இருந்தாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்லிவிட முடியாது. நார்வேக்கு 1969ல் கடலில் எண்ணெய் கிடைத்தது. அங்கே 1986ல் குரோ ஹார்லம் புரூண்ட்லாண்ட் அமைத்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். எண்ணெய் வருமானத்தை அப்படியே செலவழித்துவிடாமல் தனி நிதியாகச் சேர்த்தார்கள், குழந்தைக் காப்பகங்களைப் பெருக்கினார்கள். எண்ணெய் கிடைப்பதற்கு முன்பே அங்கே பெண்கள் கட்சிக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சவுதியைப் பாருங்கள். 2014ல் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த ஏப்ரலிலேயே விஷன் 2030 திட்டத்தை அறிவித்து, பெண்களில் வேலைக்கு வருவோரின் பங்கை 30 சதவீதத்துக்குக் கொண்டுவரப் போகிறோம் என்றார்கள். சில வருஷங்களிலேயே அந்த இலக்கைத் தாண்டிவிட்டார்கள். 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்டலாம் என்றானது. அதற்காகச் சிறை போன பெண்களின் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கம் கதவைத் திறந்த நேரம் எண்ணெய் விலை சரிந்த நேரம்.

இப்போது குவைத்துக்கு வருகிறேன். 2005 மே மாதம் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 2009ல் நாலு பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள். அரசு அலுவலகங்களில் ஏராளமான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நல்ல விஷயம், சந்தோஷம். அந்த வீடுகளில் சோறு யார் பொங்குகிறார்கள், பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறார்கள்? நம் தாராவி அக்காவும், ஆந்திராவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன மற்ற பெண்களும்தான். அந்த வேலைக்கான விசாவுக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பேர் கத்தாமா விசா. கத்தாமா என்றால் அரபியில் வேலைக்காரி. விசா கஃபீல் கையில், அதாவது வேலைக்கு எடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்கும் எஜமானர் கையில். அவர் சம்மதமில்லாமல் வேலை மாற முடியாது, ஓடிப்போனதாக அவர் புகார் கொடுத்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். அலுவலகம் போகும் பெண்ணுக்குக் கிடைத்த உரிமை, அவள் வீட்டு அடுக்களையில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இது குவைத்துக்கு மட்டும் சொல்வதல்ல, மாட்டுங்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டுவேலை செய்பவரும் தொழிலாளிதான். அவருக்கும் வேலை நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, எழுத்தில் ஒப்பந்தம், தன் பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் உண்டு என்கிறது அது. பிலிப்பைன்ஸ் அடுத்த வருஷமே ஏற்புறுதி செய்தது. வளைகுடா நாடுகள் செய்யவில்லை, இந்தியாவும் செய்யவில்லை. நம் பெண்களை இத்தனை பேர் அனுப்பிவிட்டு இதில் நாம் பின்வாங்கி நிற்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

கையெழுத்துப் போட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். இந்தியா 1993ல் சீடாவை ஏற்றது. 1997ல் விசாகா வழக்கில், வேலையிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க நம்மிடம் சட்டமே இல்லாதபோது, உச்ச நீதிமன்றம் அந்த சீடாவைத்தான் கையில் எடுத்தது. 2013ல் அது சட்டமானபோது வீட்டுவேலை செய்யும் பெண்களும் அதற்குள் வந்தார்கள். இருபது வருஷம் ஆனது, ஆனாலும் வந்தது. இதே ஊரில் வாழ்ந்த ஹன்சா மேத்தாவை நினைத்துக்கொள்கிறேன். 1948ன் மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த வாசகத்தை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் அவர். ஒரே ஒரு சொல்தான், அதற்கும் ஒருவர் உட்கார்ந்து வாதாட வேண்டியிருந்தது.

நம் அரசாங்கம் பாதுகாப்பு என்று செய்தது வேறு. இ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி தேவை என்ற முத்திரை உள்ள பாஸ்போர்ட்டோடு 30 வயதுக்குக் குறைந்த பெண் வளைகுடாவில் வீட்டுவேலைக்குப் போகக்கூடாது என்று விதி. 2016லிருந்து தனியார் ஏஜெண்டு வழியாகவும் போகக்கூடாது, அரசு நிறுவனம் வழியாகத்தான். நோக்கம் நல்லதுதான். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது தடை யாரையும் நிறுத்தாது. விசிட் விசாவில் போவார்கள். அப்படிப் போனவள் எந்தப் பதிவேட்டிலும் இருக்கமாட்டாள்.

அக்காவுக்கு அன்று சொன்ன பதில் இதுதான்: சட்டம் இருக்கிறது. குவைத்தில் 2015ஆம் வருஷத்து 68ஆம் எண் சட்டம். நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள் வந்து பார்க்க ஆய்வாளர் வரமாட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் ஏஜெண்டை விட்டுவிட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை. ஊருக்குப் போய் அரசு வழியாக மனுப் போட்டு, ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்து புது ஒப்பந்தம் வாங்கிவந்தார். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதித்தரச் சொன்னார். வாரவிடுப்பு வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் இரண்டு கோடு போடச் சொன்னார்.

போய் முதல் ஐந்து மாதம் விடுப்பே இல்லை. அரபி வீட்டில் எஜமானியை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், நம் காதுக்கு விசித்திரமாக இருக்கும். அந்த மாமா ஏதோ ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு நாள் அக்கா அந்தத் தாளை விரித்து, கோடு போட்ட வரியைக் காட்டியிருக்கிறார். அந்தம்மா படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம்.

அதற்கு அடுத்த வாரம் குவைத் நகரத்து மாலியா பகுதியிலிருந்து எனக்கு ஒரு போன். பின்னால் பஸ் சத்தம், நாலைந்து பேர் தமிழில் பேசும் சத்தம். "டீச்சர், மாலியாவுல நிக்கேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா" என்றார்.

நன்றி, வணக்கம்.