அட்டையும் ஆம்பூலும்: ஹென்றி டேல் பற்றி வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, வயல் வேலையை அரைநாள் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, பெயர் விடுபட்டுப்போன பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை, இந்த நூலகத்தை முப்பது ஆண்டுகளாகத் திறந்து மூடிவரும் நூலகர் ஐயாவுக்கே போர்த்த அனுமதி கேட்கிறேன்.

ஆங்கிலேய மருந்தியல் அறிஞர் ஹென்றி டேலின் ஆய்வு, நரம்பு வேதிப்பொருளால் செய்தி அனுப்புவதைக் காட்டிய லோயியின் தவளை இதயங்கள், அச்செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் அமைப்பு என்று மூன்று செய்திகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலாவதிலிருந்து தொடங்குகிறேன்.

கம்பங்கதிரில் தேனொழுகல் நோய் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் உறவுப் பூஞ்சை ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தைத் தாக்கும். 1904-இல் லண்டனில் வெல்கம் ஆய்வகத்தில் சேர்ந்த டேல், அந்தப் பூஞ்சையின் சாற்றை ஆராய்ந்தபோதுதான், நரம்பின் செய்தியைக் கொண்டுபோவது என்று பின்னால் தெரியவந்த அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் அவர் கைக்கு வந்தது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். இங்கே பயிர்நோயே உதவியது. அப்பொருளுக்கு இருவகைச் செயல் உண்டென்று 1914-இல் அவர் பிரித்துக் காட்டினார். உமிழ்நீரைப் பெருக்கி இதயத்தை மந்தமாக்கும் மஸ்கரின் வகையை அட்ரோபின் என்னும் மருந்து தடுக்கும். கை கால் தசைகளை இயக்கும் நிகோட்டின் வகையைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நரம்பு முனையில் இப்பொருள் சுரக்கிறது என்று ஐயமறக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. சுரந்த கணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அதைப் பிடிக்கும் வித்தை பெர்லினில் ஒருவரிடம் இருந்தது. வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் என்ற அந்த யூத இளைஞரை 1933-இல் நிறுவனத்தின் இயக்குநர் அழைத்து, நண்பகலுக்குள் வெளியேறிவிட வேண்டும் என்றார். பாதியில் நிற்கும் சோதனையை என்ன செய்வது என்று இவர் கேட்க, சரி, நள்ளிரவுக்குள் போய்விடு என்று பதில் வந்ததாம். வேலை தேடி ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பிரதிநிதியிடம் போனார். பெரிய பெரிய அறிஞர்களே தெருவில் நிற்கும்போது உமக்கு நம்பிக்கை தருவது நியாயமாகாது என்று கைவிரித்த அவர், பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபெல்ட்பெர்க்கைத் தற்செயலாகச் சந்தித்தால், அவர் வேலை இழந்திருந்தால், உடனே என்னிடம் அனுப்பிவையுங்கள் என்று லண்டனிலிருந்து டேல் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்! (கைதட்டல்)

அவர் லண்டனுக்குக் கொண்டுபோன வித்தை என்ன தெரியுமா? நம் வாய்க்கால் சேற்றில் காலைக் கவ்வுமே, அந்த அட்டையின் முதுகுத் தசைதான். எசரின் என்னும் மருந்தால் நொதியை முடக்கிவிட்டால், மிக நுண்ணிய அளவு அசிட்டைல்கோலின் பட்டாலும் அத்தசை சுருங்கிக் காட்டிவிடும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். நரம்பு முனையில் அப்பொருள் சுரப்பது இப்படித்தான் உறுதியானது. 1936-இல் டேலுக்கும் லோயிக்கும் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

அட்டைத் தசையில் எசரின் செய்த அதே வேலையைத்தான், நீங்கள் வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து மனித உடம்பில் செய்கிறது. எசரின் பிடித்துப் பிறகு விட்டுவிடும், இது எளிதில் விடாது. நொதி முடங்கியதும் அசிட்டைல்கோலின் தேங்கி, வாயில் நீர் ஒழுகி, கண்பாவை ஊசிமுனையாகி, நெஞ்சில் சளி நிரம்பி மூச்சு அடைக்கும். சளியை வற்றவைக்க அட்ரோபின் வேண்டும். நிகோட்டின் வகையில் வரும் தசைத் தளர்ச்சிக்கு அது உதவாது என்பதால் செயற்கைச் சுவாசக் கருவியும் தேவைப்படலாம்.

என் சித்தப்பா மகன் முகமூடியின்றி மருந்தடித்து மயங்கிய அன்று, நாங்கள் தூக்கிச் சென்ற சுகாதார நிலையத்தில் அட்ரோபின் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள், அதாவது ஆம்பூல்கள், மூன்றே இருந்தன. ஒன்றில் 0.6 மில்லிகிராம். செவிலியர் அம்மா மூன்றின் கழுத்தையும் ஒடித்து ஏற்றிவிட்டு, வெறும் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். நெஞ்சு தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும்: மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு. கால் மணி நேரத்தில் நாற்பத்தைந்து ஆம்பூல்! நகரத்து மருத்துவமனை சேர்ந்து அவன் பிழைத்தான். அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான்.

தவளை இதயங்களையும் ஏற்பிகளின் அமைப்பையும் இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நம் வட்டாரத்துச் சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் எந்நேரமும் நூறு ஆம்பூல் இருப்பு வேண்டும் என்று எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. மருத்துவ அலுவலர் அவர்கள் இங்கேயே இருப்பதால், தேநீருக்கு முன்பே கையெழுத்திட்டுவிட்டால் இன்றே அவர் கையில் கொடுத்துவிடலாம்.