முதல் நாள் செட்டப்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ மென்பொருள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கலாம். முதல் வாரம் முகம் வாடி வீடு திரும்பினால், "வேலை கஷ்டமாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "வேலையே இன்னும் ஆரம்பிக்கல, செட்டப்பே முடியல" என்பாள். அந்தச் செட்டப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பதினெட்டு வருடமாக என் மனதில் கிடக்கும் விஷயம் இது.

வங்கி, இன்சூரன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் ஏராளமானவை ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. புதிதாக வருகிறவர் அந்த நிரல் முழுவதையும் தன் கணினியில் இறக்கி, எக்லிப்ஸ் மாதிரி நிரல் எழுதும் ஒரு கருவியில் திறந்து, ஓட வைக்க வேண்டும். உறவினர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் காபி போட அடுக்களைக்குள் போனால் என்ன ஆகும்? காபி போடத் தெரியும், ஆனால் சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியாது. செட்டப் அப்படிப்பட்ட வேலைதான். திறமை இருந்தாலும் இடம் தெரியாமல் கை நிற்கும்.

எங்கள் குழுவில் சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் சேர்ந்தாள். கல்லூரி முடித்து நேராக வந்தவள். திங்கட்கிழமை காலை கணினி கொடுத்தோம். புதன்கிழமை மாலை என் மேசைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு நோட்டு. என்னென்ன செய்து பார்த்தாள் என்று வரிசையாக எழுதியிருந்தாள்: ஜாவாவை நீக்கி மறுபடி போட்டது, எக்லிப்ஸை மாற்றியது, 8080 என்ற போர்ட்டை, அதாவது கணினியின் ஒரு வாசலை, வேறு எதுவும் பிடித்திருக்கிறதா என்று பார்த்தது. எல்லாம் சரியாகவே செய்திருந்தாள். சர்வர், அதாவது பக்கங்களை எடுத்துத் தரும் மென்பொருள், கிளம்புகிறது, திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்தால் 404. அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது.

நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது. அவள் இறக்கியது டாம்கேட் என்ற சர்வரின் 10ஆம் பதிப்பு. எங்கள் நிரல் 9ஆம் பதிப்புக்காக எழுதப்பட்டது. ஒரு எண் கூடினதில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். இங்கே கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கான ஜாவா பதிப்பு ஆரக்கிள் என்ற கம்பெனி கையில் இருந்தது. 2017இல் அதை எக்லிப்ஸ் கருவியைப் பராமரிக்கும் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடிவானது. ஜாவா என்ற பெயரைக் கொடுக்கவில்லை. அதனால் 2018இல் ஜகார்த்தா என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஜாவா தீவில் இருக்கும் அதே ஜகார்த்தாதான். நிரலுக்குள் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பெயர்களும் 2020இல் 'ஜகார்த்தா' ஆயின. டாம்கேட் 9க்குப் பழைய பெயர்தான் தெரியும், 10க்குப் புதுப் பெயர்தான் தெரியும். எங்கள் பக்கங்கள் எல்லாம் பழைய பெயரோடு நின்றன. 10 அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை, பிழை என்றும் சொல்லவில்லை.

9ஐ இறக்கிப் போட்டாள். உள்நுழைவுப் பக்கம் வந்தது. மூன்று நாள் போயிற்று. தவறு அவளுடையது இல்லை, எங்களுடையது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழகியவர்களுக்கு அது தெரிந்தே இருந்ததால் எழுதத் தோன்றவில்லை. அன்றைக்கே அவள் குறிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்: "டாம்கேட் 9 மட்டும். 10 வேண்டாம்." அடுத்து வந்த பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஓட வைத்துவிட்டான்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், எழுதி வையுங்கள். ஜாவா எந்தப் பதிப்பு, சர்வர் எந்தப் பதிப்பு, எதை முதலில் போட வேண்டும், எழுதி வையுங்கள். எழுதியதைப் புதிதாக வருகிறவர் கையில் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் தயங்கும் இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

ஜாவா நிரலை ஒழுங்காக அடுக்கிக் கட்டித் தரும் மேவன் என்ற கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. எந்த புராஜெக்டைத் திறந்தாலும் நிரல் இந்த அறையில், சோதனைகள் அந்த அறையில் என்று ஒரே ஒழுங்கு. பார்க்காமலே கை கடுகுக்குப் போகும். தேவையான நூலகங்களையும், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளையும், அதுவே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். முதல் தடவை நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. டேட்டாபேஸைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதன் பாஸ்வேர்டை நிரலோடு சேர்த்துச் சேமிக்காதீர்கள். பின்னால் அழித்தாலும் பழைய பிரதியில் அது இருந்துகொண்டே இருக்கும். தெரியாமல் சேர்த்துவிட்டால் பாஸ்வேர்டையே உடனே மாற்றிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.