பயந்தவங்க ராமேஸ்வரம் போகலாமா?

"ஐயா, 70 வயசு அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும். கடலைப் பார்த்தாலே எனக்குக் கை கால் உதறும். அக்னி தீர்த்தத்துல முங்காம, தண்ணியைத் தலையில தெளிச்சுக்கிட்டா போதுமா? பயப்படுறவங்களுக்குப் பக்தி குறைச்சல்னு சொல்றாங்களே?" கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. அந்தக் கடைசி வரிதான் மனசை அரிக்குது.

தெளிச்சுக்கலாம்மா. புரோட்சணம்னு அதுக்குப் பேரே இருக்கு. பாம்பன் பாலத்தை ரயில்ல தாண்டி வரப்போறீங்க, ரெண்டு கிலோமீட்டர் தூரமும் பாலத்துக்கு அடியில தண்ணிதான். கடலுக்குப் பயந்தவங்க அதைத் தாண்டி வர்றாங்கன்னா, அது பக்தி இல்லாம நடக்குமா? தொடர்ந்து கேக்குறவங்களுக்குத் தெரியும், நான் எப்பவும் சொல்றதுதான்: பயம் கணக்கு கேக்கும். கணக்கைச் சொல்லிட்டா அடங்கும்.

சரி, கணக்கு. அக்னி தீர்த்தம் கோயிலுக்குக் கிழக்கே, அலை அடங்கின கடல். அம்மா முங்கணும்னு ஆசைப்பட்டா, முழங்கால் தண்ணியில நின்னுக்குங்க. அம்மாவோட மணிக்கட்டுக்கு மேல பிடிங்க. விரலைப் பிடிச்சா ஈரத்துல நழுவிடும். உக்காந்து முங்கி எந்திரிக்கட்டும். அங்க கவனிக்க வேண்டியது, முங்கினவங்க விட்டுட்டுப் போற பழந்துணி. மணல்ல பாதி புதைஞ்சு கிடக்கும், கால்ல சுத்திக்கும். வெடுக்குன்னு இழுத்தா விழுந்துடுவோம். காலைத் தூக்கி வைக்காம தரையோட தேய்ச்சு நடங்க. துணி தட்டுப்பட்டா நின்னு, காலை மெதுவா பின்னால உருவுங்க. நீங்களும் துணியை விட்டுட்டு வராதீங்க.

கடலை விட, கோயிலுக்குள்ள அந்த ஈரத் தரைக்குத்தான் வயசானவங்க பயப்படணும். மகாலட்சுமி தீர்த்தத்துல ஆரம்பிச்சு கோடி தீர்த்தம் வரைக்கும் 22 தீர்த்தத்துல குளிச்சுட்டு, எல்லாரும் சொட்டச் சொட்ட நடக்குற பிரகாரம். புடவையைக் கணுக்காலுக்கு மேல ஏத்திக் கட்டணும், ஓரமா நடக்கணும், வேகமே கூடாது. ஈரத்தோட தரிசனத்துக்கு விடமாட்டாங்க. மாத்துத்துணி பையில இருக்கட்டும். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்துல அம்மாவை இழுத்துட்டுப் போகாதீங்க. மத்த மாசத்து அமாவாசையும் அமாவாசைதான்.

ஆனா என்கிட்ட யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அக்னி தீர்த்தத்துல நடுங்கினவங்களே, சாயந்தரம் தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், நிலம் முடியுற அரிச்சல்முனையில செல்ஃபி எடுக்க ஓடி இறங்குறாங்களே, அது ஏன்? அங்க ஒரு பக்கம் பெண் கடல், அதாவது அமைதியான வங்காள விரிகுடா. மறு பக்கம் ஆண் கடல், அலை அடிக்கிற மன்னார் வளைகுடா. ரெண்டு நீரோட்டமும் சேருற இடத்துல காலடி மணலை அரிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு எட்டு தள்ளினா ஆழம். அங்கதான் பயம் வரணும், வரமாட்டேங்குது! கரையில நின்னு கும்பிடுங்க, இறங்காதீங்க. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி ஊரே போச்சு, கோதண்டராமர் கோயில் நின்னுச்சு. போற வழியில அவரையும் பாத்துட்டு வாங்க.

காத்தையும் பாத்துக்கணும். ஆனி, ஆடியில ஆண் கடல் சீறும். ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிச்சா சாதுவான பெண் கடலும் பொங்கும். பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருந்தா, அன்னிக்கு அக்னி தீர்த்தத்துல ஒரு சொம்பு தண்ணி மொண்டு அம்மா தலையில தெளிச்சுட்டு, நேரா கோயிலுக்குள்ள போயிடுங்க.