பினாயில் வாளியில் பிழைத்த கிருமி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். கிருமிநாசினியைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அதை வாங்கச் சொல்வதற்காக நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் ஏற்காட்டு விடுதிகளில் ஒரு குடும்பம் அறையைக் காலி செய்ததும் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். வாளித் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினியை ஊற்றி, அதே தண்ணீரால் நான்கு அறைகளைத் துடைத்துவிடுகிறார்கள். மூன்றாவது அறைக்குள் தண்ணீர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வாசனை மட்டும் குறையாது. வந்தவர்கள் மூச்சை இழுத்துப் பார்த்து, 'சுத்தமாகத்தான் இருக்கிறது' என்று பெட்டியை இறக்குவார்கள். நம் ஊரில் சுத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்வது மூக்குதான். அந்த வாசனை தனியாகச் சேர்த்தது. கிருமி செத்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

தரை துடைக்கும் திரவங்கள் பலவற்றின் லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பெயரைப் பார்க்கலாம். அது பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டி அதைக் கிழிக்கிறது. உரிய அளவில், உரிய நேரம் பட்டால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைக்காது. ஆனால் அளவு குறைந்தாலோ, அழுக்கு அதன் வீரியத்தைத் தின்றுவிட்டாலோ, சில பாக்டீரியாக்கள் தப்பிவிடும். உள்ளே வந்த நஞ்சை வெளியே இறைக்கும் பம்புகள் அவற்றிடம் உண்டு. அவற்றில் சில ஆள் பார்ப்பதில்லை; கிருமிநாசினியையும் வெளியேற்றும், ஆன்டிபயாடிக்கையும் வெளியேற்றும்.

மருந்துக்கு மசியாத குணத்தைப் பாக்டீரியாக்கள் பெற இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்தை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமக்கக்கூடிய பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையங்களை அவை தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். கொல்லாத அளவில் கிருமிநாசினி பட்டால் அவற்றின் உறை தளர்கிறது, உள்ளே நெருக்கடி நிலை பிறக்கிறது, அப்போது இந்தக் கைமாற்றம் கூடுகிறது என்று பல ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. செத்த பாக்டீரியாவிலிருந்து சிந்திய மரபணுவைக் காயம்பட்ட பாக்டீரியா உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு.

இங்கே வரலாற்றில் ஒரு வேடிக்கை. ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் டோமாக் 1935இல் இரண்டு செய்திகளை வெளியிட்டார். ஒன்று, பாக்டீரியா நோய்களுக்குக் கொடுக்கும் சல்ஃபா மருந்துகளின் முன்னோடியான ப்ரொன்டோசில். மற்றொன்று, இதே பென்சல்கோனியம் வகைக் கிருமிநாசினி. இன்று நோயாளிகளிடமிருந்து எடுக்கும் பாக்டீரியாக்களில் அடிக்கடி தென்படும் ஒரு மரபணுத் தொகுப்பில், அந்த இரண்டையும் எதிர்க்கும் மரபணுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. கிருமிநாசினிக்குரியது இப்போது முனை உடைந்த பிரதிதான். பழைய பலம் அதற்கு இல்லை. ஆனாலும் அந்தத் தொகுப்பு இவ்வளவு பரவியதற்குக் கிருமிநாசினிகளும் துணைபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொத்துச்சாவியில் ஒன்றை எடுத்தால் மற்றவையும் கூடவே வருவதைப் போல, ஒரு மரபணு பிழைக்க உதவினால் அதோடு கோத்திருக்கும் மற்றவையும் சேர்ந்தே பரவும். டோமாக்குக்கு 1939இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

இதை வைத்துப் பயமுறுத்தவும் மாட்டேன். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகியதில் முதல் குற்றவாளி இன்னமும் ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்குவதுதான். கிருமிநாசினியின் பங்கு ஆய்வகத்தில் தெளிவாகவும், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மங்கலாகவும் தெரிகிறது. ஆனால் சாக்கடையை மறந்துவிடக் கூடாது. வாளியைக் கவிழ்த்தால் கதை முடிவதில்லை. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் நுழையும் திருமணிமுத்தாற்றின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீர்த்துப்போன கிருமிநாசினி, மனிதக் கழிவு, உடலிலிருந்து வெளியேறிய மருந்தின் மிச்சம், கோடானுகோடி பாக்டீரியாக்கள் எல்லாம் ஒன்றுசேரும் இடம் நகரத்துச் சாக்கடை.

என் வீட்டில் தரைக்குத் தண்ணீரும் சோப்பும்தான். சோப்பு கிருமியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. கைக்கும் அதுவே போதும். டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி உள்ளிட்ட 19 பொருள்களைக் கை, உடல் கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் உத்தரவிட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதைத் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். வயிற்றுப்போக்கு கண்டவர் பயன்படுத்திய கழிப்பறைக்குக் கிருமிநாசினி அவசியம். முதலில் அழுக்கைக் கழுவுங்கள். பிறகு லேபிளில் உள்ள அளவில் கலந்து, அதில் சொன்ன நிமிடங்கள் வரை தரை ஈரமாகவே இருக்க விடுங்கள். ஊற்றிய கையோடு துடைத்தால் காசும் வீண்.

அப்படியானால் குடிநீருக்குக் குளோரினும் வேண்டாமா என்று கேட்கும் நேயர் ஒருவராவது இருப்பார். வேண்டும், ஐயா. மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குக் குளோரின் கட்டாயம் வேண்டும். அதை நிறுத்தினால் காலராவும் டைஃபாய்டும் திரும்பி வருவதற்கு மரபணு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாது.