மூலை அப்படியே இருக்கிறது: ‘தி வயர்’ கடைசி எபிசோடு பற்றி

அவையோருக்கு வணக்கம்.

‘தி வயர்’ என்ற அமெரிக்க டிவி தொடரைப் பார்த்து முடித்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இத்தனை பேரைக் கொன்ற போதைக் கும்பல் தலைவன் மார்லோ வெளியே வந்துவிட்டானே, இதெல்லாம் ஒரு முடிவா?” கோபம் நியாயம்தான். 60 எபிசோடு கூடவே வந்த மனது ஒரு தீர்ப்பை எதிர்பார்க்காதா? ஆனால் போலீஸ் கதைகளில் இதைவிட நேர்மையான முடிவை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன். முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2002 ஜூனில் எச்பிஓ டிவியில் தொடங்கி, 2008 மார்ச் 9 அன்று முடிந்த தொடர் இது. கதை நடக்கும் ஊர் அமெரிக்காவின் பால்டிமோர். உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர் ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் போலீஸ் செய்திகள் எழுதிய நிருபர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊரில் துப்பறிவாளராக இருந்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவர்கள் எழுதிய கதை. முதல் சீசனில் போதைப்பொருள் விற்கும் தெரு, அடுத்ததில் துறைமுகம், அப்புறம் அரசியல், பள்ளிக்கூடம், கடைசியில் பத்திரிகை அலுவலகம். ஒளிபரப்பான காலத்தில் பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்க டிவி தொடர்களுக்குத் தரும் எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மார்லோ எப்படித் தப்பித்தான்? அவனைப் பிடிக்கப் போலீஸ் இலாகாவில் பணம் இல்லை. துப்பறிவாளர் மெக்நல்டி என்ன செய்தார்? வீடற்றவர்களைத் தேடித்தேடிக் கொல்லும் ஒரு கொலைகாரன் ஊரில் திரிவதாகக் கட்டிவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லி வந்த பணத்தில் மார்லோவின் போனைச் சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டார்கள். மார்லோவின் வக்கீல் அதை மோப்பம் பிடித்துவிட்டார். பொய்யின் மேல் கட்டிய வழக்கு நீதிமன்றத்தில் நிற்குமா? பேரம் பேசினார்கள். தொழிலை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மார்லோ வெளியே வந்தான்.

அடுத்து வரும் காட்சியைப் பாருங்கள். கோட்டு சூட்டுப் போட்டு, ரியல் எஸ்டேட் பெரும்புள்ளிகளின் விருந்தில் நிற்கிறான். அவனுக்கு அங்கே ஒட்டவில்லை. இறங்கித் தெருவுக்கு வருகிறான். போதைப்பொருள் விற்கும் மூலையில் இரண்டு பையன்கள், போதை வியாபாரிகளையே கொள்ளையடித்த ஓமர் எப்படிச் செத்தான் என்று கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மார்லோ தன் பெயருக்காக எத்தனை உயிரை எடுத்தவன்! அந்தப் பையன்களுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. கைகலப்பாகிறது. அவன் கையில் காயம். வழிந்த ரத்தத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிறான். கதையை எழுதியவர்கள் அவனுக்கான தண்டனையை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். தெரு அவனை மறந்துவிட்டது. அவன் விட்ட வியாபாரத்தை வேறு ஆட்கள் எடுத்து நடத்துகிறார்கள்.

ஆள் போனால் இடம் காலியாக இருக்காது. எபிசோடின் கடைசிப் பகுதி இதைத்தான் காட்டுகிறது. ஓமரின் இடத்துக்கு மைக்கேல் வருகிறான். முந்தின சீசனில் பள்ளிக்கூடத்து வகுப்பில் உட்கார்ந்திருந்த அதே மைக்கேல், இப்போது துப்பாக்கியோடு ஒரு கடைக்குள் நுழைகிறான். சிட்னர் என்ற இளம் துப்பறிவாளர், மேலிடத்துக்குத் தெரியாமல் நீதிபதி அறையில் உட்கார்ந்து குறை சொல்கிறார். முதல் எபிசோடில் மெக்நல்டி போய்ப் பேசிய அதே நீதிபதி! கமிஷனர் டேனியல்ஸிடம் குற்றப் புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் அழகுபடுத்தித் தரச் சொல்கிறார்கள். அவர் மறுத்துப் பதவியை விடுகிறார். போவதற்கு முன்னால் கார்வர் என்ற போலீஸ்காரருக்கு லெஃப்டினன்ட் பதவி உயர்வு கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அவர் விட்ட நாற்காலியில் வால்செக் உட்காருகிறார். கேட்ட எண்ணிக்கையைக் கேட்டபடி தரக்கூடிய மனிதர்.

இது கற்பனையின் அவநம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள். ஊரைக் கேளுங்கள். 2015இல் ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் போலீஸ் காவலில் ஏற்பட்ட காயத்தால் இறந்தார், பால்டிமோர் கொந்தளித்தது. ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் அந்த ஆண்டு 300க்கும் மேற்பட்ட கொலைகள். 2022 வரை ஒவ்வோர் ஆண்டும் அந்த எண்ணிக்கை 300க்குக் கீழே இறங்கவில்லை. 2017இல், துப்பாக்கிகளைப் பிடிக்க அமைத்த போலீஸ் பிரிவே வழிப்பறி செய்ததாகக் கைதானது. தொடர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து!

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். பொய்க் கொலைகாரன் கதை எனக்கு முழுசாக ஒட்டவில்லை. பத்திரிகை அலுவலகப் பகுதியில் பொய் எழுதும் நிருபர் ஒரேயடியாகக் கெட்டவர், ஆசிரியர் கஸ் ஒரேயடியாக நல்லவர். தெருவில் நிற்பவனைக்கூட அத்தனை நுட்பமாக எழுதியவர்கள், தங்கள் பழைய தொழிலை எழுதும்போது கோபத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

அதே பத்திரிகைதான் பபிள்ஸ் கதையையும் சுமக்கிறது. நான்கு சீசனாகப் போதை ஊசிக்கு அடிமையாக அலைந்த மனிதர். இப்போது திருந்தி, அக்கா வீட்டு அடித்தளத்தில் தங்கியிருக்கிறார். மேலே வர அனுமதி இல்லை. மாடிக்கதவு பூட்டியே கிடக்கிறது. ஒரு நிருபர் அவர் வாழ்க்கையை உண்மையாகவே எழுதியிருக்கிறார். அச்சில் வரலாமா என்று பபிள்ஸுக்குத் தயக்கம். “நல்லவன் என்று எழுதிவிட்டால் நான் என்ன செய்வேன்” என்பதுபோல ஒரு பயம். அவருக்குத் துணை நிற்கும் வேலன் ஒரு சீட்டை நீட்டுகிறார், எழுத்தாளர் காஃப்காவின் வரி. காஃப்கா யாரென்று வேலனுக்கே தெரியாது. கட்டுரை வெளியாகிறது. பிறகு ஒருநாள் பபிள்ஸ் மாடியேறி வந்து அக்காவோடு சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார். அவ்வளவுதான் காட்சி. அந்த ஒரு கதவு திறப்பதற்கு எத்தனை எபிசோடு ஆயிற்று என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் டூக்கிக்குக் கதவு திறக்கவில்லை. அழுக்கு உடையோடு வகுப்புக்கு வந்த சிறுவன் டூக்கி. ஆசிரியர் பிரெஸ் அவன் துணியைத் துவைத்துக் கொடுத்தார், பள்ளியிலேயே குளிக்க வழி செய்தார். பாதி வருடத்தில் நிர்வாகம் அவனை மேல்வகுப்புக்குத் தள்ளியது. அவன் அங்கே நிலைக்கவில்லை. கடைசிக்கு முந்தின எபிசோடில் மைக்கேலும் அவனும் காரில் பிரிகிறார்கள். கோடையில் நாம் எல்லாரும் சேர்ந்து அடித்த கூத்து நினைவிருக்கா என்று டூக்கி கேட்கிறான். நினைவில்லை என்கிறான் மைக்கேல். என்னால் தாங்க முடியாத இடம் அதுதான். சாவுகள்கூட அப்படி உலுக்கவில்லை.

கடைசி எபிசோடில் அவன் பிரெஸ்ஸைத் தேடி வருகிறான். படிப்பைத் தொடரப் பணம் வேண்டும் என்கிறான். அவருக்குச் சந்தேகம், முகத்திலேயே தெரிகிறது. ஆனாலும் கொடுக்கிறார். காரில் கொண்டுபோய் விடுகிறார். டூக்கி இறங்கி, குதிரை வண்டியில் பழைய சாமான் பொறுக்கும் ஆளோடு சேர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவன் கையில் ஊசி. பபிள்ஸ் விட்ட இடம் நிரம்பிவிட்டது.

பிரெஸ் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டுமா? கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். பையன் பொய்யே சொன்னாலும், தன்னை நம்பி வந்து கேட்க ஒரே ஒரு பெரியவர்தான் அவனுக்கு இருந்தார். அவரும் கையை விரித்திருந்தால்? இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள், உங்கள் பதில் வேறாக இருக்கலாம். கலந்துரையாடலை அங்கிருந்தே தொடங்குவோம். வணக்கம்.